ஒன்றாம் நம்பருக்கு எத்தனை தூரம்

இப்போதெல்லாம் பக்கத்தில் நிற்கிற மனுஷனை எவனும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவன் உயிரோடிருக்கிறானா என்பதையே இடுப்பில் தொங்கும் பெட்டியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறான். வாட்ச்மேன் பச்சையப்பனுக்கு அந்தப் பெட்டிகளைக் கண்டாலே எரிச்சல்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி அது. ஆளுக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு நம்பர். ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டி சொல்வதைக் கேட்டு அடுத்ததற்குச் சொல்லும். இருப்பதில் சின்ன நம்பர் எதுவோ, அதுதான் வேர்; மற்றவை அதன் கிளைகள். வேர் எத்தனை பெட்டி தள்ளி இருக்கிறதோ, அந்தத் தூரத்தை ஒவ்வொன்றும் எண்ணாகக் காட்டும். ஒன்று செத்தால் மற்றவை தாமே வேறு வழி பிடித்து மறுபடி மரமாகிவிடும். கேட் அறைத் திரையில் அந்த மரம் பச்சையாகத் தெரியும்.

பெட்டியை எங்காவது வைத்துவிட்டு பீடி குடிக்கப் போவது அங்கே வழக்கம். போன மாதம் கலியனின் ஒன்றாம் நம்பர் சாம்பல் சுரங்கத்தில் அசையாமல் கிடப்பதாகத் திரை கத்தியபோது, பச்சையப்பன் அப்படித்தான் நினைத்தார். நம்பரை அழித்தார். அரை நிமிடத்தில் இரண்டாம் நம்பரை வேராக்கிக்கொண்டு மரம் பச்சையானது. மறுநாள் கலியனை அள்ளித்தான் எடுத்தார்கள்.

"உனக்குத் தெரிஞ்சிருந்தா வுட்டிருப்பியா நைனா" என்று கலியன் பெண்டாட்டி அஞ்சம்மாள் அழுதாள். அவர் கேட்டைத் திறக்கப் போனார்.

இன்று ஞாயிறு. உலை அணைந்து, தகரக் கூரை வெயிலில் டிக் டிக்கென்று நெளிந்துகொண்டிருந்த மத்தியானத்தில், ஆணிகளில் வரிசையாகத் தொங்கிய பெட்டிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மினுங்கின. திரையைப் பார்த்தார். வேர்: 1.

இன்ஜினியர் பூமிகாவுக்குப் போன் போட்டார். அவள் பதறவில்லை. பழைய சேதி ஏதோ ஒரு பெட்டியில் தங்கியிருக்கும், யாரும் நேரில் பார்க்காமல் ஒன்று சொன்னதை மற்றொன்று நம்புகிறது என்றாள்.

"தூரம் ஏறிக்கினே போவும் ஐயா. மொத்தம் முப்பத்து மூணு பெட்டிதான். அதைத் தாண்டினா, அப்பிடி ஒருத்தர் இல்லன்னு அதுங்களே வுட்டுடும்."

பன்னிரண்டு. இருபது. இருபத்தொன்பது. பச்சையப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்.

"ஆமா ஐயா, அன்னிக்கி ஒண்ணாம் நம்பர அழிச்சது யாரு? உங்களுக்குத் தெரியுமா?"

காது மடல் சுட்டது. "நான் இன்னாத்த கண்டேன்" என்றார். போனை வைத்தார்.

முப்பத்திரண்டு.

முப்பத்தொன்று.

இறங்கியது. இருபது. பதினைந்து. எல்லாப் பெட்டியிலும். சுரங்கத்துப் பக்கம் இரும்புக் கதவு உராய்ந்தது. ஈரச் சாம்பல் நாற்றம். ஆணிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மிச்சம், அவர் இடுப்பில் ஒன்று.

நான்கு. மூன்று.

பேட்டரியைப் பிடுங்கினார். எண் அணையவில்லை.

இரண்டு.

"கலியா, நான்தான்டா" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போதும் வரவில்லை.

ஒன்று.

பெட்டியைக் கழற்றி மேசைமேல் எறிந்துவிட்டு கேட்டைத் தாண்டினார். வெறிச்சோடிய தார் ரோடு. வலது கை விரல்களுக்கிடையே வேறு விரல்கள் நுழைந்தன. சூடாக. சொரசொரவென்று. இறுகக் கோத்துக்கொண்டன.

அவர் குனிந்து பார்க்கவில்லை.

"மிஷினு புளுகுது" என்று முணுமுணுத்தபடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார், கூட வருகிறவனும் எட்டு வைக்கிற மாதிரி கொஞ்சம் மெதுவாக.