அத்தை ஊற்றிய டீ

கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலைக்குச் சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் அந்த ஓட்டு வீடு இருந்தது. செல்போன் டவர் பராமரிப்பு வேலைக்கு மாற்றலாகி வந்த அறிவுச்செல்வன், ஐந்து வயது மகள் அபிநயாவோடு அங்கே குடியேறினான். மனைவி கமலா உளுந்தூர்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். ஆண் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் அபியைப் பார்த்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம். வெளியே மழை. பின்னறையில் பாய் விரித்து, பிளாஸ்டிக் சொப்புகளைப் பரப்பி, அபி அவனை டீ குடிக்கக் கூப்பிட்டாள். அறைக்குள் ஒரு வீச்சம். நாள்பட்ட சீழ் மாதிரி. எலி ஏதாவது செத்திருக்கும் என்று நினைத்தபடி உட்கார்ந்தான்.

வெறும் கெட்டிலைச் சாய்த்து அவள் காற்றை ஊற்றினாள். அவன் உறிஞ்சிவிட்டு, சர்க்கரை ஜாஸ்தி என்று குறை சொன்னான். அவள் சிரித்தபடி கப்பை வாங்கி, தன் பக்கத்தில் யாருமில்லாத இடத்துக்கு நீட்டினாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவனிடமே திருப்பித் தந்தாள்.

அவன் விளையாட்டாகவே வாயில் கவிழ்த்தான்.

வெதுவெதுப்பாக ஏதோ நாக்கில் இறங்கியது.

கொழகொழவென்று, கோழை மாதிரி. உப்பும் ரத்தமும் அழுகலும் கலந்த ருசி. பதறித் துப்பினான். பாயில் மஞ்சளாக விழுந்தது. அவன் உதட்டிலிருந்து நூலாகத் தொங்கியது. அதில் மென்று நைந்த சோற்றுப் பருக்கைகள்.

"இன்னா அபி இது?"

"டீப்பா. அத்தை வாயில வச்சினு இருந்து ஊத்துனாங்க."

"எந்த அத்தை?"

அபி பக்கத்தில் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"டெய்லி எனக்கு ஊட்டுவாங்க. செல்லியம்மா தூங்கினப்புறம்."

அவளை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினான். வாசலில் வாந்தியெடுத்தான்.

செல்லியம்மாள் அதுவரை மறைத்ததை அப்போதுதான் சொன்னாள். முன்பு அங்கே குடியிருந்தவளுக்கு வாயெல்லாம் புண். தன் பிள்ளைக்கு யாரோ விஷம் வைத்துவிடுவார்கள் என்று பயம். எதையும் தான் மென்று பார்த்துத்தான் ஊட்டுவாளாம்.

"கொழந்த செத்துப்போச்சுங்க. அது தெரியாம ஊட்டிக்கினே இருந்திருக்கா. கதவ ஒடச்சி உள்ள போனா, அவளும் செத்துக் கெடக்கா. கொழந்த வாய் நெறைய..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிடைத்த பஸ்ஸில் அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். வழியில் அபி எக்கி, அவன் கன்னத்தில் முத்தம் கொடுக்க வந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெற்ற மகளின் வாயையே அருவருக்கிறோமே என்று அழுகை வந்தது. ஆனாலும் அவளிடம் கன்னத்தைக் காட்ட முடியவில்லை.

உளுந்தூர்பேட்டை வீட்டில் முதல் வேலையாக, ஈறு சிவக்கும்வரை அவளுக்குப் பல் தேய்த்துவிட்டான். கமலாவிடம் எலித்தொல்லை என்று மட்டும் சொன்னான். அபியைத் தம்பியின் அருகில் விடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கமலா வந்து நின்றாள்.

"நீங்க வந்ததுலேர்ந்து புள்ள பாலே குடிக்கலங்க. வயிறு ரொம்பினவனாட்டம் மூஞ்சியத் திருப்பிக்கிறான்."

அவன் தூளியை விலக்கிப் பார்த்தான். குழந்தை தூக்கத்தில் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தது. உதட்டோரம் ஈரம். விரலால் துடைத்தான்.

வெதுவெதுப்பாக, மஞ்சளாக, அது நூல்போல நீண்டது.