ஜாக்கிக்கும் வைத்த பொட்டு

வெள்ளிக்கிழமை, காலை 6.10.

அழகர்கோவில் சாலையில் கண்மாய்க்கரை வளைவில் முதலில் சைக்கிள்தான் கண்ணில் பட்டது. அதன் சொந்தக்காரர், பால்காரர் காசிமாயன், சாலையிலிருந்து பதினைந்து அடி தள்ளிக் கருவேல முள்ளுக்குள் கிடந்தார். உயிர் இல்லை. அடிபட்ட வேகத்தில் அங்கே போய் விழுந்தவர் அல்ல. மண்ணில் இரண்டு குதிகால்கள் இழுபட்ட தடம் முள் வரைக்கும் நீளமாகப் போனது.

அடிபட்ட பிறகு அரை மணி நேரமாவது உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் எழுதினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு அங்கிருந்து அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த வரியை எஸ்.ஐ. சத்யப்ரியா இரண்டு தடவை படித்தார்.

சாலையில் உடைந்த ஹெட்லைட் துண்டுகள் கிடந்தன. இடது பக்க லைட். சின்ன பிக்கப் வண்டியில் ஒரே ஒரு மாடலுக்குத்தான் அது பொருந்தும். சைக்கிளில் மற்றதெல்லாம் இருந்தது, மணியின் மூடியைத்தான் காணோம். பச்சைப் பெயிண்ட் அடித்த மூடி என்று காசிமாயனின் மகள் தமிழ்ச்செல்வி சொன்னாள். முள்ளை வெட்டித் தேடியும் அது கிடைக்கவில்லை.

அடுத்த புதன்கிழமை, காலை 9.20.

ஆரப்பாளையத்தில் பீமாராவின் கடைக்குப் போர்டு கிடையாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள், கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு டார்ச், கயிற்றில் கட்டிய ஒரு காந்தம், அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். நசுங்கல் தெரியாமல் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. விற்கிறவர்கள் அவரைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள்.

அன்று வந்தவள் வண்டி வாங்க வரவில்லை. செல்லக்கிளி, வாழைக்காய் லோடு ஓட்டும் சுருளியின் மனைவி. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

"நேத்து போலீசோட வந்து எங்க வண்டியப் பாத்தீங்கள்லண்ணே? என்ன சொன்னீங்க?"

"லைட்டு அதே மாடல். ஒரு வாரத்துக்குள்ள ஒடைஞ்சதுன்னேன்."

"ஒடைஞ்சதச் சொன்னீங்க. எப்பிடி ஒடைஞ்சதுன்னு அவருகிட்ட கேட்டீங்களா?"

பீமாராவ் கையிலிருந்த டார்ச்சைக் கீழே வைத்தார்.

"சனிக்கிழம மார்க்கெட்ல ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து லைட்ட இடிச்சிருச்சு. அந்த லாரிக்காரன் எந்த ஊரோ! தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாரு, ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. நீங்க சொல்லிட்டீங்கன்னா அம்புட்டுத்தானாம். சாயங்காலம் நாலு மணிக்குக் கோர்ட்டாம். ஆளக் கொன்னு முள்ளுல போட்ட கேசு. எப்பண்ணே வெளிய வருவாரு?"

அவள் போன பிறகும் பீமாராவ் ஸ்டூலைவிட்டு எழவில்லை. சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் பார்த்தது முழுவதையும் சொல்லவும் இல்லை. வண்டியைப் பார்த்தவர் அந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. போனை எடுத்தார்.

"மேடம், நேத்து நான் பாதிதான் சொன்னேன். சுருளி வண்டியில லைட்டு மட்டுந்தான் ஒடைஞ்சிருக்கு. அதுக்குப் பின்னாடி இருக்கிற தகடு நெளியவே இல்ல. சைக்கிளோட ஒரு ஆளத் தூக்கி எறிஞ்ச வண்டின்னா தகடு நெளியாம இருக்காது."

"நேத்தே ஏன் சொல்லல?" சத்யப்ரியாவின் குரல் உயர்ந்தது.

"நீங்க லைட்டத்தான் கேட்டீங்க. நானும் அதோட நிறுத்திட்டேன். தப்பு என்னோடது."

"இத வச்சு அவர விட முடியாது. நாலு மணிக்குள்ள வேற வண்டி இருந்தாக் காட்டுங்க."

"ஒர்க்‌ஷாப்பெல்லாம் விசாரிச்சீங்களா?"

"ஒண்ணு விடல. அப்பிடி அடிபட்ட வண்டி எங்கயும் வரல."

"அப்ப சொந்தக்காரனே டிங்கரிங் பாத்திருக்கான். அப்பிடிப் பாத்தவன் வண்டிய வீட்டுல வச்சுக்க மாட்டான், வித்துரப் பாப்பான்."

பகல் 11.40.

பீமாராவ் செல்போனில் தேடியபோது, விற்பனைக்கு இருந்த அந்த மாடல் வண்டிகள் பதினொன்று. பத்துப் பேர் வண்டியின் முன்பக்கத்தைத்தான் முதல் படமாகப் போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் பக்கவாட்டில் நான்கு, பின்னால் இரண்டு, உள்ளே ஒன்று எடுத்திருந்தார். பெண் பார்க்கக் கொடுத்த போட்டோவில் முகத்தை மட்டும் விட்ட மாதிரி இருந்தது. விளம்பரம் போட்டது திங்கட்கிழமை. இடம் கே.கே. நகர்.

பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் ஜெயபாண்டி வாசலிலேயே காத்திருந்தார். ஐம்பது வயது, வெள்ளை வேட்டி, வாய் நிறையச் சிரிப்பு. காட்டன் சேலையில் வந்த சத்யப்ரியா காய்கறி வியாபாரத்துக்கு வண்டி தேடுவதாகச் சொன்னார். பீமாராவ் அவருக்கு அண்ணன் ஆனார்.

பீமாராவ் குனிந்து அடியில் பார்த்தார். சேசிஸில் துரு இல்லை. இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்தார். புகை வரவில்லை. நல்ல வண்டிதான்.

"ஹெட்லைட் ரெண்டும் புதுசா இருக்கேண்ணே?"

"மங்கிப்போச்சு, மாத்திட்டேன். ஆடி மாசமே."

காந்தம் வலது பக்கம் நெடுகிலும் ஒட்டிக்கொண்டே வந்தது. இடது முன் பக்கத்தில் நழுவியது.

"இங்க பட்டி பாத்திருக்கு."

"கேட்டுல உரசுனது. அதுவும் அந்த ஆடியில பாத்ததுதான். அதுக்கப்பறம் அந்தப் பக்கம் ஒரு ஆளு கை வைக்கல."

"பெயிண்டு?"

"எல்லாம் அப்பவேதான்."

சத்யப்ரியா உதட்டைப் பிதுக்கினார். "எனக்கென்னமோ பயமா இருக்குண்ணே. வாடகைக்கு ஓடுன வண்டி. நாலு டிரைவர் மாத்தி மாத்தி ஓட்டியிருப்பாக. எனக்கு வேணாம்."

வியாபாரம் கைநழுவுகிறது என்றதும் ஜெயபாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தங்கச்சி, யாரு சொன்னா? ஒத்தக் கை வண்டி! டிரைவர் வச்சதே இல்ல. எனக்குத் தெரியாம என் பிள்ளகூட ஸ்டியரிங்கத் தொட்டதில்ல. சாவி ராத்திரி பகலா இந்த இடுப்புலதான். தெருவுல யாரையும் கேட்டுப் பாருங்க!"

திண்ணமாகச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைக் கூப்பிட்டுத் தலையும் ஆட்ட வைத்தார். சத்யப்ரியா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி 12.25. எதுவும் கையில் சிக்கவில்லை. பட்டி பூசாத பழைய வண்டி ஊரில் உண்டா?

"ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வண்டியோடயா?" பீமாராவ் நிதானமாகக் கேட்டார்.

ஜெயபாண்டி சீட்டுக்குப் பின்னாலிருந்து ஜாக்கியை இழுத்துப் போட்டார். அதன் தலையில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். ஸ்டெப்னியிலும் இருந்தது. பேட்டரியில், ஏர் ஃபில்டர் டப்பாவில், பானெட்டுக்குக் கீழே வலது ஓரத் தகட்டில், எல்லா இடத்திலும் சட்டைப் பித்தான் அளவில் பொட்டு.

"வெளிய வாட்டர் சர்வீஸ்ல போயிருச்சு. உள்ள அப்பிடியே இருக்கு. ஆயுத பூசைக்கு எங்க வீட்டம்மா ஒண்ண விடமாட்டா. ஜாக்கிக்கு வைக்காமப் போனா அன்னைக்குச் சோறு கெடையாது."

"இந்த வருசம் வச்சதா?"

"பின்ன? ரெண்டு வாரம் ஆச்சு. பூசைக்கு மொதல் நாள் நானே நின்னு கழுவித் தொடச்சேன். பழைய பொட்ட எடுத்துட்டுத்தான் புதுசு."

பீமாராவ் இடது ஓரத் தகட்டுக்கு டார்ச்சைத் திருப்பினார். அங்கே பொட்டு இல்லை. பளிச்சென்று வெள்ளை. விரலை நுழைத்துத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி தடவினார். பிறகு காந்தத்தைக் கயிற்றோடு பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் மெல்ல இறக்கினார்.

"அங்க என்னண்ணே பாக்குறீங்க? அங்க ஒண்ணுமில்ல."

ஜெயபாண்டியின் சிரிப்பு வாயில் இருந்தது, கண்ணில் இல்லை.

ணங்.

சின்னச் சத்தம்தான். தெருவில் போகிற எந்தச் சைக்கிளும் எழுப்புகிற சத்தம். மூன்று பேருக்கும் கேட்டது. பீமாராவ் கயிற்றை இழுத்தார். காந்தத்தில் ஒட்டிக்கொண்டு ஒரு மணி மூடி மேலே வந்தது, ஒரு பக்கம் நசுங்கி. பச்சைப் பெயிண்ட்.

சத்யப்ரியா பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். "எஸ்.ஐ. சத்யப்ரியா. காசிமாயன்னு ஒருத்தர இடிச்சு, உயிரோட இழுத்துட்டுப் போயி முள்ளுல போட்டது நீங்க."

"மேடம்... எங்கயோ வழியில கெடந்தது தெறிச்சு விழுந்திருக்கும். வண்டியில ஆடிக்கப்பறம் ஒரு வேலையும் பாக்கல, சத்தியமா."

"தகட்டுல விரல வைங்கண்ணே," என்றார் பீமாராவ். அவர் குரலில் வியாபாரச் சிநேகம் போய் மரியாதை மட்டுமே மிச்சம். "பெயிண்டுக்கு அடியில ஒரு மேடு தட்டுதா? ஓரத்துல லேசாச் செவப்பு ஊறியிருக்கு பாருங்க. அது பொட்டு. வலது பக்கம் எந்த எடத்துல இருக்கோ, நேரா அதே எடம். ஜாக்கிக்கே வச்ச கை வண்டி மூஞ்சிக்கு வைக்காம விடுமா? ஆடியில அடிச்ச பெயிண்டுன்னா பொட்டு மேல இருக்கணும். இங்க பொட்டு கீழ இருக்கு. அதுவும் பூசைக்கு மொதல் நாள் நீங்களே தொடச்ச தகடு. அப்ப பெயிண்டு பூசைக்கு அப்பறம் அடிச்சது. பெயிண்டர் யாரும் தேய்க்காம அடிக்க மாட்டான். நீங்களே ஸ்ப்ரே டப்பா வாங்கி, அவசரத்துல அடிச்சிருக்கீங்க. எதுக்குத் தேதியில பொய் சொல்றீங்கன்னு தோணுச்சு. அதான் அந்த மூலையில காந்தத்த எறக்குனேன்."

ஜெயபாண்டி உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டார்.

"அன்னைக்கு... அன்னைக்கு டிரைவர்தான் எடுத்துட்டுப் போனான். மேலூர்ப் பக்கத்துப் பையன். எனக்குத் தெரியாது."

"சாவி ராத்திரி பகலா இடுப்புலன்னீங்க," என்றார் சத்யப்ரியா. "பக்கத்து வீட்டுக்காரரக் கூப்பிட்டுச் சாட்சியும் வச்சீங்க."

ஜெயபாண்டி வண்டியின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாண வீட்டில் நாற்காலி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் திரும்பினாராம். கண்ணசந்துவிட்டதாம். கிழவர் முனகினாராம். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயந்தாராம்.

"முனகுனாரா?" என்றார் சத்யப்ரியா. பிறகு போனை எடுத்து ஜீப்பை வரச் சொன்னார்.

மாலை 3.35.

ஸ்டேஷனைவிட்டு வெளியே வந்த சுருளிக்கு ஒரே நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. செல்லக்கிளி அவர் சட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். காம்பவுண்டு ஓரத்தில் அவருடைய பிக்கப் நின்றது. அதன் பக்கத்தில் பீமாராவ் நின்றார், கையில் புது ஹெட்லைட்.

"சுருளி, மன்னிச்சிரு. இத மாத்தித் தாரேன்."

சுருளி லைட்டைப் பார்த்தார். பிறகு பீமாராவின் முகத்தைப் பார்த்தார்.

"மாத்தலாம்ணே. மொதல்ல அது எப்பிடி ஒடைஞ்சதுன்னு கேளுங்க."

பீமாராவ் லைட்டைக் கீழே வைத்தார். ஸ்டேஷன் படியில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டார்.

"எப்பிடி ஒடைஞ்சது, சுருளி?"

சுருளி உட்கார்ந்தார். சனிக்கிழமை விடியற்காலையில் வாழைக்காய் ஏற்றியதிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். பீமாராவ் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.