சுவிட்சில் ஒட்டாத டேப்

கிட்ட வாங்க கண்ணுங்களா... இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க. இன்னைக்கு ஒரு காதல் கதை சொல்றேன். சிரிப்பு கம்மிதான், ஆனா கேட்டு முடிச்சதும் மனசு லேசாகும், அதுக்கு நான் பொறுப்பு.

டிசம்பர் மாசம். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து ரவுண்ட் ராக் ஊரிலிருந்து அரை மணி தூரத்தில், ஓக் மரங்களுக்கு நடுவே வாடகைக்கு விடும் ஒரு கேம்பஸ். அங்கே ஹைஸ்கூல் படிக்கும் யூதப் பிள்ளைகள் நாற்பது பேர், குளிர்கால லீவில் தலைமைப் பயிற்சிக்காக வந்திருந்தார்கள். ஒரு வாரம் முழுக்கப் படிப்பு, விவாதம், கேள்விமேல் கேள்வி. அவர்களுக்கு ‘பொறுப்பு என்றால் என்ன’ என்று பாடம் நடத்த வந்தவள் ஓவியா. வயசு முப்பத்து மூன்று. ஒரு நிச்சயதார்த்தம் முறிந்தவள்.

வெள்ளிக்கிழமை சூரியன் சாய்ந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு விளக்கைப் போடவும் மாட்டார்கள், அணைக்கவும் மாட்டார்கள். அதனால் எரிகிற விளக்கை யாரும் தொட்டுவிடாதபடி சுவிட்சின் மேல் டேப் ஒட்டி வைப்பது வழக்கம். சாப்பாட்டு ஹாலில் அதை ஒட்டும் வேலை ஓவியாவுக்கு.

அன்றைக்குச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரும் கை கழுவப் போன நேரம்... ஹால் இருண்டது. வெளியே மழை. ஓவியா ஓடி வந்தாள். கதவருகே கருவிப்பெட்டியோடு உயரமாக ஒரு நிழல். பதற்றத்தில் அவள் வாயில் தமிழே வந்தது.

“யாருங்க லைட்ட ஆஃப் பண்ணது?”

“நான்தான். ஒருத்தரும் இல்லை எண்டு நூத்தனான்.” யாழ்ப்பாணத் தமிழ்! “அதுக்கென்ன, திரும்பப் போட்டாப் போச்சு.”

“ஐயோ, போடாதீங்க! அவங்களுக்காக நீங்க போட்டா, அந்த வெளிச்சத்துல உக்காரக்கூட மாட்டாங்க!”

மின்னல் வெட்டியது. அந்த ஒரு நொடியில் அவன் கண்கள்... திட்டு வாங்குகிறவனின் கண்கள் இல்லை. ஏதோ கேட்க நினைத்து, கேட்காமல் விட்ட கண்கள்.

பிள்ளைகள் இருட்டிலேயே சாப்பிட்டார்கள். ஒரு மாசம் தயாரித்த விவாதம் நின்றுபோனது. குறிப்பைப் படிக்க வெளிச்சம் வேண்டுமே. “எப்படி ஆச்சு?” என்று பயிற்சி இயக்குநர் மிரியம் கேட்டாள்.

“மெயின்டெனன்ஸ் ஆள் அணைச்சுட்டார்,” என்றாள் ஓவியா.

பொய்யில்லை. ஆனால் பாதிதான் உண்மை. அன்று சாயங்காலம் நாலரைக்கு, சுகர் லேண்ட் ஊரிலிருந்து அம்மாவின் போன். “ஃப்ரீமான்ட்ல பார்த்த மாப்பிள்ளை வீட்ல வேண்டாம்னுட்டாங்கடி. பழைய நிச்சயத்த யாரோ சொல்லியிருக்காங்க.” சுவரோரம் நின்று அழுதவள், டேப்பை மறந்தே போனாள். அதை வாய்விட்டுச் சொல்ல அவள் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. அவள் வகுப்பறை ஹீட்டரைச் சரிபார்க்க அவனே வந்தான்.

“மிஸ், இதையாவது தொடலாமோ? இல்லை, இதுக்கும் பேசுவீங்களோ?”

ஓவியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தொடுங்க தொடுங்க. குளிர்ல செத்தா திட்டக்கூட ஆள் இருக்காது.”

அவன் பெயர் அனுஷன். கம்ப்யூட்டர் கம்பெனியில் லேஆஃப் ஆகி ஒரு வருஷம். நானூறு இடத்துக்கு அப்ளை பண்ணியும் பதில் இல்லை. “இது நல்ல வேலை மிஸ். பழுதானது திரும்ப ஓடுறதைக் கண்ணால பாக்கலாம்.” ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே, “செவ்வாயோட முடியுது,” என்றான்.

“ஏன்?”

“ஆரோ ரிப்போர்ட் பண்ணிட்டினமாம்.”

அவளை ஏறிட்டுப் பார்த்தான். குற்றம் சாட்டாத பார்வை. அதுதான் அவளைக் கொன்றது... ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. கேம்பஸில் எந்த வேன் போனாலும் கண் அவனைத் தேடியது.

செவ்வாய் வகுப்பில் தாலியா என்ற பதினாறு வயசுப் பெண் கை தூக்கினாள். “மிஸ் ஓவியா, ஒருத்தருக்குத் தப்பு செஞ்சுட்டு கடவுள்கிட்ட மன்னிப்புக் கேட்டாப் போதுமா? எங்க வழக்கத்துல போதாது. அந்த ஆள்கிட்டயே போய் நிக்கணும். நீங்க என்ன நினைக்கிறீங்க?”

ஓவியா கையிலிருந்த மார்க்கரை மேசையில் வைத்தாள்.

“நான்... அப்படிப் போய் நிக்காதவ, தாலியா. அந்த டேப்ப ஒட்ட வேண்டியது நான். மறந்தது நான். வேலை போனது இன்னொருத்தருக்கு.”

கடைசி வரிசையில் இருந்த மிரியம் மெதுவாக எழுந்தாள். “கேம்பஸ் ஆஃபீசுக்கு நான் பேசறேன். கேப்பாங்களான்னு தெரியல. உங்கள அடுத்த வருஷம் கூப்பிட முடியுமான்னும் தெரியல, ஓவியா.” கிட்ட வந்து, “ஆனா இன்னைக்குத்தான் நீங்க பாடம் நடத்தினீங்க,” என்றாள்.

பார்க்கிங்கில் தூறல். அனுஷன் கருவிப்பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவள் குடைகூட இல்லாமல் மூச்சிரைக்க நின்றாள்.

“உங்களப் பத்தி சொன்னது நான்தான். தப்பு என்னுது. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். என்ன மன்னிப்பீங்களா?”

“எனக்கு அண்டைக்கே தெரியும்.”

“என்ன தெரியும்?”

“டேப் ஒட்டுறது உங்கட வேலை, நீங்கள் மறந்திட்டியள் எண்டு. நாலரைக்கு நீங்கள் சுவரோரம் அழுதுகொண்டு நிண்டதும் தெரியும்.”

“அப்புறம் ஏன் நீங்க சொல்லல?”

அனுஷன் தலை குனிந்தான். மழை அவன் இமையில் நின்று... வழிந்தது.

“சொன்னா உங்களை அனுப்பிப்போடுவினம். பிறகு நான் ஆரைப் பாக்கிறது?”

ஓவியாவின் பேச்சு அழுகையோடு வந்தது. “நிச்சயம் முறிஞ்ச பொண்ணுங்க நான். எங்க அம்மா உங்க வேலையக் கேப்பாங்க... ஊரக் கேப்பாங்க...”

“கேக்கட்டும். நீங்கள் கேளுங்கோவன்.”

“எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு அனுஷன். கேக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல.”

அவ்வளவுதான் கண்ணுங்களா. அவர்கள் வீட்டில் என்ன சொன்னார்கள், அவனுக்கு வேலை கிடைத்ததா என்றெல்லாம் என்னைக் கேட்காதீங்க. உங்கள் வீட்டில், செய்த தப்பை ஒளிக்காமல் சொல்ல ஒரு வாயும், அதைக் கேட்டும் கையை விடாத ஒரு மனசும் எந்நாளும் இருக்கட்டும். குஞ்சும் குளுவானுமா நல்லா இருங்க.