தங்கராஜுவின் பூட்ஸ்

டொக்!

கைத்துப்பாக்கி மேஜைமேல் உட்கார்ந்தது.

"சொல்லுங்க டிரெஸர்... காட்டு முகாமைப் பத்திப் போலீசுக்குத் துப்பு கொடுத்தது யாரு?"

1951. கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரி. அங்கே வைத்தியம் பார்க்கும் டிரெஸர் அமலதாஸ், எதிரே போலீஸ் உடுப்பில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

கொடுத்தது அவரேதான்! பெயர் கசிந்தால் அந்தக் காட்டுக்காரக் கம்யூனிஸ்டுப் போராளிகள் கழுத்தை அறுத்துவிடுவார்கள்.

"போலீஸ் நீங்க... உங்களுக்கே தெரியாதா சார்?"

"நான் புது இன்ஸ்பெக்டர்லா, பேரு தங்கராஜு. அந்த ஆளுக்குக் காவல் போடணும்... பேரு!"

காவல்! அமலதாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'நான்தான்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே!

அமலதாஸின் பார்வை கீழே இறங்கியது. பூட்ஸ் கயிறு கட்டப்படவில்லை. கால்கள் அப்படி வீங்கியிருந்தன.

"காலைக் காட்டுங்க சார்."

கட்டைவிரலால் அழுத்தினார். குழி விழுந்தது... எழும்பவே இல்லை! நாடி தறிகெட்டு ஓடியது.

பெரி-பெரி!

"என்ன சார் சாப்பிடுறீங்க?"

"மெஸ்ல மூணு வேளையும் புழுங்கலரிசிச் சோறு. ஏன்?"

அமலதாஸ் சொல்லவந்த பெயரை விழுங்கிக்கொண்டார்.

பி-ஒன் சத்து இல்லாவிட்டால் இதயத் தசையால் சர்க்கரையை எரிக்க முடியாது. பட்டினியிலேயே உப்பிப்போகும். புழுங்கலரிசியில் அந்தச் சத்து தங்கும். அதைத் தின்பவனுக்கு இந்த நோய் வராது! மாசக்கணக்கில் வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்பவனுக்கு வரும்.

அப்படித் தின்பவர்கள் யார்? காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்கள்!

ஒரு சீட்டு எழுதினார். ஆஸ்பத்திரி ஆயாவைக் கூப்பிட்டார்.

"தாயம்மா! இன்னொரு மருந்து வேணும். ஆபீஸ் கிராணி எர்னஸ்ட்கிட்ட கொடு... ஓடு!"

தங்கராஜு சீட்டைப் பிடுங்கினான். இங்கிலீஷ்... அதுவும் டிரெஸர் கிறுக்கல்! விழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"சார், உங்க இதயம் பூசணிக்காய் மாதிரி உப்பிக் கிடக்கு. ஊசி போடுறேன். ரெண்டு மணி நேரம் அசையாதீங்க... எழுந்தா அங்கேயே நின்னுடும்!"

"பேரு?"

"முதல்ல பிழைங்க. சொல்றேன்."

தங்கராஜு துப்பாக்கியோடு கட்டிலில் சாய்ந்தான். அமலதாஸ் ஊசியைப் போட்டார்.

ஒரு மணி நேரம்... வாசலில் போலீஸ் ஜீப்! சீட்டைப் படித்த கிராணி போலீசுக்கு அடித்த டெலிபோன் வேலை செய்துவிட்டது.

தங்கராஜுவின் கை துப்பாக்கிக்குப் போனது.

"எழுந்தா செத்தீங்க சார்!"

கை நின்றது. விலங்கு விழுந்தது.

"பாவி! ஊசியில என்ன விஷம் வச்சே?"

"விஷமா? சுத்தமான பி-ஒன் லா! தூக்குமேடைப் படி ஏறுறவரைக்கும் உங்க இதயம் தாங்கணும்ல?"