கத்தரீனாளின் நாலு பல்

"கோயில்ல மாப்பிள்ளை வீட்டாரு முன்னால செபமாலை அக்கா நிக்கட்டும். நீ பின்னால பெஞ்சுல ஜனங்களோட ஒக்காந்துக்க."

கடையில் உப்பு வாங்கி வரச் சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கட்டஞ்சாயாவை உறிஞ்சினார் இன்னாசிராஜ். அடுப்பில் ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த கத்தரீனாளின் கை அப்படியே நின்றது. பெற்று வளர்த்த மகளுக்குக் கல்யாணம். பெற்றவள் பின்பெஞ்சில்!

"என்னங்க... என்ன சொல்றீக?"

"என்னத்தச் சொல்ல? சம்பந்தி வேதமுத்து குமுளியில ஏலக்காய்க் கடை வச்சிருக்கவரு. நாலு பெரிய மனுசங்க வருவாக. நீ வாயத் தொறந்தா முன்னால ஒரு பல்லுகூட இல்ல. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டே நிப்ப. பாக்குறவுக என்ன நெனப்பாக? நானும் சூப்பர்வைசராகி ரெண்டு வருசமாச்சு... கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

வேலைக்கான சங்கு ஊதியது. அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனார். சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் அன்று பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இன்னாசிராஜின் அக்கா செபமாலையம்மாள் அடுப்படியின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். புருசனை இழந்த நாளிலிருந்து தம்பி வீட்டோடு இருப்பவள். தனக்குக் கிடைத்த மரியாதையைக் கேட்டு அவள் முகம் மலரவில்லை. குனிந்த தலை நிமிராமல், கையிலிருந்த செபமாலையின் மணிகளை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தரீனாளின் மேல்வரிசையில் முன்பற்கள் நாலும் போய் ஒன்பது வருசம் ஆகிறது. விறகு எடுக்கப் போன இடத்தில் ஓடைக்கல்லில் வழுக்கி விழுந்ததாகத்தான் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவள் யார் முன்னாலும் சிரித்ததில்லை. கோயிலில் பாட்டுக்கு வாயசைப்பதோடு சரி. கொழுந்து எடுக்கும் பெண்கள் கூட்டமாகக் கதை பேசும்போதும் ஒரு வரிசை தள்ளியே நிற்பாள்.

உள்ளறையில் தலை பின்னிக்கொண்டிருந்த மகள் அமலோற்பவம் பாதிச் சடையோடு வெளியே வந்தாள். தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில் வேலை செய்பவள். இருபத்தோரு வயது.

"எல்லாத்தையும் கேட்டேம்மா. நீ முன்னால நிக்கலைன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்!"

"வாயக் கழுவு அமலி! கோயில்ல கல்யாண ஓலை வாசிக்க நாள் குறிச்சாச்சு..."

"அப்பன்னா சனிக்கிழமை என்கூட வா. போடியில ஒரு பல் டாக்டர் இருக்காரு. எங்க டீச்சரோட மாமியாருக்குப் பல்லு கட்டிக் குடுத்திருக்காரு. கல்யாணத்துக்கு ஆறு வாரம் கெடக்கு."

பல் கட்டிக்கொள்ள கத்தரீனாளுக்கும் ஆசைதான்! ஆனால் டாக்டர் என்றால் வாயைத் திறக்கச் சொல்வார். பார்ப்பார். கேட்பார். என்ன பதில் சொல்வது? அவள் செபமாலையம்மாளைப் பார்த்தாள். செபமாலையம்மாள் சட்டென்று எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

சனிக்கிழமை, கல்யாணச் சேலை பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். போடிமெட்டிலிருந்து பஸ் வளைந்து வளைந்து இறங்க, கத்தரீனாள் வாய்க்குள் செபம் சொல்லிக்கொண்டே வந்தாள். புருசனிடம் பொய் சொல்லிவிட்டு வந்த பயம் ஒரு பக்கம், டாக்டர் என்ன கேட்பாரோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

டாக்டர் வயதானவர், பொறுமைசாலி. நாற்காலியைச் சாய்த்து, சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு வேர் உள்ளேயே முறிஞ்சு நிக்குதும்மா. இத்தனை வருசம் வலியோடயா இருந்தீங்க? எப்படி உடைஞ்சது?"

"வழுக்கி... கல்லுல விழுந்துட்டேனுங்கய்யா."

"கல்லுல குப்புற விழுந்தா மூக்கு, தாடையெல்லாம் சிராய்ச்ச தழும்பு இருக்கணுமே. இங்க உதட்டுக்கு உள்ள மட்டும் இவ்வளவு பெரிய தழும்பு. ஏதோ கட்டை கிட்டை வேகமா வந்து அடிச்ச மாதிரில்ல இருக்கு..."

அவர் யோசிக்காமல் சொல்லிவிட்டார். பக்கத்தில் நின்ற அமலியின் முகம் வெளிறிப்போனது. கத்தரீனாள் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிநாட்டுல இப்ப தாடை எலும்புலயே திருகாணி மாதிரி வச்சு, அதுக்கு மேல பல்லு நடப் பாக்குறாங்களாம்," என்றார் டாக்டர், பேச்சை மாற்றுவது போல. "அதெல்லாம் இங்க வர எத்தனை காலமாகுமோ. நமக்குக் கழட்டி மாட்டுற பல் தட்டுதான். வேரை இன்னைக்கே எடுத்துடறேன். ஈறு ஆற மூணு வாரம். அப்புறம் மெழுகுல அளவெடுத்து, பல்லு வர இன்னும் ஒரு வாரம். ஈறு வீங்காம இருந்தா கல்யாணத்துக்குள்ள முடிச்சிடலாம்."

திரும்பும் பஸ்ஸில் கத்தரீனாள் வாயில் பஞ்சைக் கடித்தபடி ஜன்னலோரம் ஒடுங்கியிருந்தாள். பாதி மலை ஏறியதும் அமலி மெல்லக் கேட்டாள்.

"அப்பாதான அடிச்சது?"

கத்தரீனாள் வேகமாகத் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

"அப்ப யாரு? மாதா மேல சத்தியம் பண்ணிச் சொல்லு, அப்பா கை உம்மேல படலன்னு."

கத்தரீனாளின் கண்கள் நிரம்பி வழிந்தன. சத்தியம் பண்ண அவளால் முடியவில்லை. அமலிக்கு அதுவே பதிலாகிவிட்டது.

அதற்குப் பின் வந்த நாட்கள் கத்தரீனாளைத் தின்றன. இரண்டாம் நாளே ஈறு வீங்கிவிட்டது. உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, கஞ்சியை மட்டும் குடித்து, வலியை மறைத்துக்கொண்டு கொழுந்துக் கூடையைச் சுமந்தாள். வீக்கம் வடியாவிட்டால்? பல் நேரத்துக்கு வராவிட்டால்? அதைவிடப் பெரிய கவலை மகள்தான். அமலி தகப்பனோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு முகம் பார்க்காமல் போனாள்.

"இந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு? பிரியப்போற சங்கடமா?" என்று இன்னாசிராஜ் பாவம் போலக் கேட்டபோது, கத்தரீனாளுக்கு எங்காவது போய்க் கதறி அழவேண்டும் போலிருந்தது. எந்த மனுசனைக் காப்பாற்ற ஒன்பது வருசம் வாயைப் பொத்தினாளோ, அந்த மனுசன் இப்போது மகள் கண்ணில் பெண்டாட்டியை அடித்த பாவி! உண்மையைச் சொன்னாலோ அவர் உடைந்துபோவார்...

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் பல் வந்தது. டாக்டர் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தார். கத்தரீனாள் பார்த்தாள். கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி பார்ப்பது போலிருந்தது. அந்நியமான தட்டு அண்ணத்தை அழுத்தியது, குமட்டியது, நாக்கு இடம் தெரியாமல் தடுமாறியது. ஆனாலும் அது பல்! அமலி அவளைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டாள்.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டுப் படியேறும்போது இன்னாசிராஜ் வாசலிலேயே நின்றிருந்தார். முகம் கடுகடுவென்றிருந்தது.

"சேலைக் கடைக்குன்னு சொல்லிட்டு மூணு தடவை போடிக்குப் போயிருக்கீக. போன தடவை பல் டாக்டர் வீட்டுல இருந்து நீங்க எறங்கினத பஸ் கண்டக்டரு பாத்துருக்கான். அவன் சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமா? ஏன்டி, நாப்பது வயசுக்கு மேல உனக்கு இந்த மினுக்கு கேக்குதா? யாருக்குக் காட்ட? எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? இத்தனை வருசம் குடும்பம் நடத்தி என்கிட்டயே பொய்யி!"

"அம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்கப்பா!" அமலி குறுக்கே பாய்ந்தாள். "நீங்க ஒடச்ச பல்லத்தான் நான் கட்டிக் குடுத்திருக்கேன்! பெஞ்சாதிய அடிச்சுப் பல்லத் தட்டிட்டு, அதே பல்லு இல்லைன்னு கேவலமாப் பேசுறீங்களே... அம்மாவ அடிச்ச கையப் பிடிச்சுக்கிட்டு நான் பீடத்துக்கு நடந்து வர மாட்டேன்!"

இன்னாசிராஜ் அடிவாங்கியவர் போல ஒரு எட்டு பின்னால் போனார்.

"நான்... நான் அடிச்சேனா? என் ஆத்தா மேல ஆணை, இவ மேல நான் ஒரு நாளும் கை நீட்டுனதில்ல! கத்தரீனா, நீயே சொல்லு. நான் அடிச்சேனா?"

கத்தரீனாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஆமாம் என்றாலும் பாவம். இல்லை என்றாலும் பொய்.

"சொல்லுடி! ஏன் பேச மாட்டேங்கிற?"

"அவ சொல்ல மாட்டா தம்பி... நான் சொல்றேன்!"

செபமாலையம்மாள் உள்ளேயிருந்து தள்ளாடி வந்து, கத்தரீனாளின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, வேண்டாம்... வேண்டாம் மதினி!"

"இனியும் அடக்கி வச்சா என் நெஞ்சு வெடிச்சிரும்." செபமாலையம்மாள் தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு டைபாய்டு வந்து கெடந்தியே, நெனப்பிருக்கா? காய்ச்சல்ல யாரு என்னன்னு தெரியாம பொலம்பிக்கிட்டுக் கெடந்த. அமலி போடியில கன்னியாஸ்திரீக விடுதியில படிச்சுக்கிட்டிருந்தா. ஒரு நாளு நடு மத்தியானம், லயத்து வீடுகள்ல எல்லாரும் கொழுந்தெடுக்கப் போயிட்டாக. இவ டிஸ்பென்சரிக்கு மருந்துக்குப் போனா. உன்னப் பாத்துக்கச் சொல்லி என்னத்தான் விட்டுட்டுப் போனா. நான்... நான் பாவி, பைப்படியில போயி ஊர்க்கதை பேசிக்கிட்டு நின்னேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ எந்திரிச்சு, கதவுக்கு அண்டக் குடுக்குற கட்டையத் தூக்கிக்கிட்டு லயத்துக்குப் பின்னால பள்ளத்தப் பாத்து ஓடியிருக்க. திரும்பி வந்த இவ ஓடிப்போயி, பள்ளத்து விளிம்புல வச்சு உன்னக் கட்டிப் பிடிச்சா. நீ யாரோ எவரோன்னு நெனச்சு கட்டைய வீசின. வாயெல்லாம் ரத்தம்! அப்பவும் விடல தம்பி. நான் வந்து சேர்றதுக்குள்ள, பல்லத் துப்பிக்கிட்டே உன்ன இழுத்துட்டு வந்துக்கிட்டிருந்தா..."

கத்தரீனாள் குனிந்து அவளை எழுப்பப் பார்த்தாள். செபமாலையம்மாள் எழவில்லை.

"அன்னைக்கே என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா, 'அவருக்குத் தெரியவே கூடாது மதினி. தெரிஞ்சா இத நெனச்சே உருகிப் போயிருவாரு. உங்களயும் சும்மா விட மாட்டாரு, நீங்க எங்க போவீக'ன்னு. என்னக் காப்பாத்தத்தான் ஓடைக்கல்லுன்னு பொய் சொன்னா. நீ அவளக் கேவலமாப் பேசுனப்பல்லாம் நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அவ எடத்துல நான் நிக்கணும்னு நீ சொன்னப்பக்கூட எனக்கு வாய் வரலையே..."

இன்னாசிராஜ் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். அமலி தகப்பனின் அழுகையை அதுவரை பார்த்ததே இல்லை. "அப்பா... மன்னிச்சிருங்கப்பா..." என்று அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள்.

கத்தரீனாள் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "இதுக்குத்தான் சொல்லல. பாருங்க, இப்ப இப்பிடி அழுறீக... அது நீங்க அடிச்சதில்லங்க, காய்ச்சல் அடிச்சது." தட்டு பழகாத வாயில் ஒவ்வொரு வார்த்தையும் இடறி இடறி வந்தது.

"உயிரக் குடுத்தவள நான் பின்பெஞ்சுல ஒக்காரச் சொன்னேனே கத்தரீனா..."

சாயங்காலம் செபமாலையம்மாள் தன் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இன்னாசிராஜ் வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். போகச் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை. கத்தரீனாள்தான் போய்ப் பெட்டியின் மூடியைச் சாத்தி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எங்க கெளம்பிட்டீக? பொண்ணுக்கு அத்தை நீங்க. இன்னைக்கு வாயத் தொறந்தீகளே, அது போதும் மதினி. எனக்கு என் மகளும் மிஞ்சினா, புருசனும் மிஞ்சினாரு."

செபமாலையம்மாள் அவள் மடியில் முகம் புதைத்து அழுதாள். வெகுநேரம் கழித்து இன்னாசிராஜ் உள்ளே வந்து, "அக்கா... எந்திரி, சாப்பிடலாம்," என்றார்.

கல்யாணத்தன்று கத்தரீனாள் புருசனோடு முன்வரிசையில் நின்றாள். ஆனாலும் மனசுக்குள் உதறல்தான். பல் தட்டு நழுவிவிடுமோ, பேசும்போது விசில் அடிக்குமோ என்று நாக்கால் அழுத்திக்கொண்டே இருந்தாள். பயந்தது போலவே, விருந்தின்போது வேதமுத்துவின் மனைவி கேட்டேவிட்டாள்.

"பல்லு கட்டினதா சம்பந்தி? நெசப் பல்லு மாதிரியே இருக்கு! பழைய பல்லு என்னாச்சு?"

நாலு தலைகள் திரும்பின. வழக்கமான ஓடைக்கல் பொய் கத்தரீனாளின் உதட்டுக்கு வருவதற்குள் பக்கத்திலிருந்து இன்னாசிராஜின் குரல் எழுந்தது.

"நான்தாம்மா ஒடச்சேன்."

பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்களும் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"காய்ச்சல்ல நெனவு தப்பிப் பள்ளத்துல விழப் போனேன். கட்டையால அடிச்சும் விடாம இவ என்ன இழுத்துப் போட்டா. ஒன்பது வருசம் அத எங்கிட்டச் சொல்லவே இல்ல. இன்னைக்கு உங்க மருமகளக் கையப் பிடிச்சுக் குடுக்க அப்பன்னு ஒருத்தன் உயிரோட நிக்கிறான்னா, அது இவ குடுத்த உயிரு. எல்லாரும் தெரிஞ்சுக்கங்க!"

வேதமுத்து இலையை விட்டு எழுந்து நின்று, கத்தரீனாளைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் மனைவியின் கண்கள் கலங்கிவிட்டன.

கத்தரீனாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. என்ன செய்வதென்று தெரியாமல், வாயைப் பொத்தவும் மறந்து, புருசனைப் பார்த்துப் பலமாக அதட்டினாள்.

"நல்லாருக்கு போங்க! விருந்துல நின்னுக்கிட்டு என்ன பேச்சு இது? அந்தக் கடைசி வரிசையில சோறு கேக்குறாக, காதுல விழல?"

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அவரை அதட்டியது அதுவே முதல் தடவை. இன்னாசிராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோற்றுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார்.