மறந்துபோன பேர்கள்

கணவர் கமலநாதன் சிரிக்கிற சத்தம் கேட்டு யோகேஸ்வரி குளியலறைக் குழாயை மூடினாள்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கடலைப் பார்த்த வராந்தாவில் அவர் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார். கூட வந்த முபீனாவும் அவள் கணவன் ஜுனைத்தும் மீன் சுட அடுப்புக்கரி வாங்க, படகு வந்து நிற்கும் ஜெட்டிப் பக்கம் போயிருந்தார்கள். போனில் பேசுகிறார் போல என்று நினைத்தாள். தீவுக்கு வந்ததிலிருந்து லைனே கிடைக்கவில்லை என்பது பிறகுதான் உறைத்தது. மறுபடியும் சிரித்தார். கொஞ்சம் நிறுத்தி, யாரோ சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அப்புறம் மெல்லச் சிரிக்கிற சிரிப்பு.

மகள் லோஷினி போன பிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை.

போன தீபாவளிக்கு முன்னால் டெங்கிக் காய்ச்சல். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை அந்த வாரம் முடிவதற்குள் இல்லை. அதற்குப் பிறகு கெலாங் பாத்தாவில் இருக்கிற வீட்டில் அவர் பேக்டரி பஸ் ஓட்டிவிட்டு வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவள் மகளின் தலையணையை மோந்து பார்ப்பாள். வாசனை போய்விட்டிருக்கும். ஆனாலும் மோந்து பார்ப்பாள். பக்கத்து வீட்டு முபீனாதான் விடவில்லை. "ரெண்டு நாளைக்காவது வெளிய வாங்கக்கா. இல்லாட்டி ரெண்டு பேரும் இப்படியே போயிருவீங்க லா." அவளே எல்லாம் ஏற்பாடு செய்து, மெர்சிங்கில் படகேற்றி, இங்கே கூட்டி வந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் வாழையிலையில் சுட்ட மீனை கமலநாதன் முள் எடுத்து, பொடிப்பொடியாக உதிர்த்து, தட்டின் ஓரத்தில் குவித்து வைத்தார். மகளுக்கு அப்படித்தான் வைப்பார். வளர்ந்த பிறகும் அவளுக்கு முள் எடுக்க வராது. யோகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்தபோது அவர் தட்டோடு மணலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது தட்டு காலி. கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"எங்க போனீங்க?"

"சும்மா. தண்ணிப் பக்கம்."

அவர் கையில் கடல் வாடை இருந்தது. அதற்கு அடியில், லேசாக, கோடாலித் தைலம். காய்ச்சல் நாள்களில் பிள்ளையின் நெற்றியில் அவள் தேய்த்த அதே தைலம். அவர்கள் அதைக் கொண்டு வரவில்லை. லோஷினி போன பிறகு வீட்டிலேயே அதை வைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல் துணியாகி, தென்னை ஓலைகள் கூரைத் தகரத்தை உரசி உரசிக் கீச்சிட்டன. முபீனாவும் ஜுனைத்தும் ஜெட்டிச் சாப்பாட்டுக்கடையில் மாட்டிக்கொண்டார்கள். அறைக்குள் ஈரப் பலகை நாற்றம். கமலநாதன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யோகா, ஒண்ணு சொல்றேன். பயப்படாத. பாப்பா வந்திருக்கா."

அவளுக்குப் பயம் வரவில்லை. முதலில் வந்தது பொறாமை.

"என்கிட்ட ஏன் வரல?"

"அம்மா என்னை அடையாளம் கண்டுக்க மாட்டாங்கன்னு சொல்றா. அவளுக்கு எல்லாம் மறந்துபோச்சு. என் பேரு, உன் பேரு, ஸ்கூலு, வீடு. அவ பேரே மறந்துபோச்சு யோகா. நான்தான் ஒண்ணொண்ணா சொல்லிக் கொடுத்தேன்." அவர் கண் கலங்கியிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு நிம்மதி. "நேத்து முகம்கூடச் சரியா இல்ல. நான் சொல்லச் சொல்ல சரியாகிட்டு வருது."

அவள் அவர் கையைப் பற்றினாள்.

"நீங்க என்ன பார்த்தீங்க? முதல்ல வந்தப்ப அது எப்படி இருந்துச்சு?"

அவர் எழுந்து கதவைத் திறந்தார். அவள் சட்டையைப் பிடித்தாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக, அன்பாக, விடுவித்தார்.

"தனியா நிக்கிறா, பாவம். நனைவா."

மழைக்குள் போனார். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. சேற்று மணலின் முடிவில், தண்ணீர் தொடங்குகிற இடத்தில், ஒன்று நின்றது. லோஷினியின் உயரம்தான். அவர் நெருங்க நெருங்க அது கொஞ்சம் குட்டையானது. சரிபார்த்துக்கொள்வதுபோல. பிறகு கையை நீட்டியது.

அவள் ஓடினாள். விழுந்தாள். எழுந்து மறுபடியும் ஓடினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது முன்னால் யாருமே இல்லை. மழைதான். அலைதான்.

அவளைக் கரைக்கு இழுத்து வந்தவர் ஜுனைத். தீவுக்காரர்கள் படகை இறக்கித் தேடினார்கள்; கமலநாதன் கிடைக்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் ஜெனரேட்டர் போட்டார்கள். விளக்கு மஞ்சளாக நடுங்கியது. முபீனா அவளுக்குத் தலை துவட்டி, போர்வை சுற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சூடா ஏதாவது கொண்டாறேன்க்கா. இதோ வந்துர்றேன்."

கதவு மூடியது. காலடி தேய்ந்தது.

மழை நின்றிருந்தது. கூரை சொட்டியது. வராந்தாப் பலகை மேல் ஈரக் கால்கள். மெதுவாக.

தைல வாசனை.

"அம்மா."

அவள் பெற்ற பிள்ளையின் குரல். இத்தனை மாதமாக, தூக்கத்தில்கூடக் கேட்கக் கிடைக்காத குரல். யோகேஸ்வரிக்கு எழக் கூடாது என்று தெரிந்தது. எழுந்தாள். அடுக்குக் கண்ணாடி ஜன்னலுக்குப் போனாள்.

கண்ணாடிப் பட்டைகளுக்கு அந்தப் பக்கம் லோஷினி. பின்னல். மூக்கின் ஓரத்து மச்சம். எல்லாம் சரியாக இருந்தது. கண்கள் மட்டும் சிமிட்டவில்லை.

"அம்மா, நனைஞ்சுட்டேன். அப்பாவும் வந்திருக்காரு."

பக்கத்தில் கமலநாதனின் சட்டை. கமலநாதனின் தோள். அதற்கு மேல், ஈர மாவைப் பிசைந்து வைத்ததுபோல ஒன்று. மூக்கு வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு. வாய் இன்னும் திறந்திருக்கவில்லை. அது அவள் பக்கம் மெல்லத் திரும்பி, காத்திருந்தது.

"அப்பாவுக்கு எல்லாம் மறந்துபோச்சும்மா," என்றாள் லோஷினி. "பேரு சொல்லிக் கொடுங்க."

அழுதுகொண்டே, கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள் யோகேஸ்வரி.

"கமலநாதன்," என்றாள்.

அந்த மாவின் நடுவில் மெல்லிசாக ஒரு கோடு கீறியது. உதடு போல அது விரிந்தது.