சீட்டிப் பாதை

சமையல்கட்டுக்கும் பெரிய வீட்டுக்கும் நடுவே ஓடிய செங்கல் பாதையில் யாரோ சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்கள். வெர்லீன் ஒதுங்கி வழிவிட்டாள், சீட்டி அவள் தோளை உரசினாற்போல் கடந்து போனது, பாதையில் யாரும் இல்லை.

சுற்றிப் பார்க்க வந்த கூட்டத்தில் வேறு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிற்பகல் வெயில் புதிதாக வெள்ளையடித்த சுவர்களில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஆற்றுப்பக்கத்துக் கரும்புக் காட்டிலிருந்து புளித்த வாடை வந்தது.

முன்னால் வெர்லீனின் மகன் ட்ரென்ட்டின் கையைப் பிடித்தபடி இமானி நடந்தாள். மூன்று வாரத்தில் அவர்கள் கல்யாணம். தன் முன்னோர் அடிமைகளாக உழைத்த இந்தத் தோட்டத்தை வருங்கால மாமியாரோடு பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். அந்த அடிமைகளை வைத்திருந்தவர்கள் வெர்லீனின் முன்னோர் என்பது அவளுக்குத் தெரியாது. ட்ரென்ட்டுக்கும் தெரியாது. காரில் வரும்போது வெர்லீன் சொல்லிவிடத்தான் இருந்தாள். ஆனால் இமானி பின்னால் திரும்பி, “நீங்க கூட வர்றதே எனக்குப் போதும், மிஸ் வெர்லீன்” என்றபோது நாக்கு எழவில்லை.

அந்தக் காலத்து முரட்டுச் சட்டை அணிந்த வழிகாட்டி ஓடெல், மூடி போட்ட காலிப் பீங்கான் பாத்திரத்தோடு பாதையில் நின்றார்.

“இது சீட்டிப் பாதை. சாப்பாடு எடுத்துட்டுப் போறவங்க மேசை வரைக்கும் சீட்டி அடிச்சுக்கிட்டே போகணும். நிறுத்தினா சவுக்கடி. சீட்டி அடிக்கிற வாயால ஒரு வாய் திருடித் திங்க முடியாதில்ல?”

யாரோ சிரித்துவிட்டுப் பாதியில் அடக்கிக்கொண்டார்.

இமானி மெல்லத் திரும்பி வெர்லீனைப் பார்த்தாள்.

போன நவம்பர் நன்றித் திருநாள் விருந்து. அடுப்படியிலிருந்து மேசைக்குப் பாத்திரம் கொண்டுவருகிறவர் சீட்டி அடிக்கவேண்டும். வெர்லீன் வீட்டில் தலைமுறையாக வரும் விளையாட்டு அது. சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பாத்திரத்தை இமானியின் கையில் கொடுத்து, இந்த வீட்டுக்கு வருகிற பெண் நீயும் அடிக்கவேண்டும் என்று சொன்னவள் வெர்லீன். இமானி கூச்சத்தோடு அடித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

இமானி அருகில் வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. “உங்களுக்குத் தெரியாதுதானே? தெரியாதுன்னு சொல்லுங்க. நான் நம்பிடுறேன்.”

தெரியும். அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று வெர்லீனின் பன்னிரண்டு வயதில் அவள் அம்மா சொல்லியிருந்தாள், வெள்ளிக் கரண்டியைத் துடைத்துக்கொண்டே, வெயிலைப் பற்றிப் பேசுவது போல.

“எனக்கு எப்படித் தெரியும் கண்ணு?” என்றாள் வெர்லீன்.

சீட்டி மறுபடி வந்தது. சமையல்கட்டு வாசலிலிருந்து, ஒரே மூச்சாக, வறண்ட உதடுகளின் காற்று கலந்து, ஒவ்வொரு செங்கல்லாக நெருங்கி வந்து அவள் காதருகே நின்றது.

நின்றேவிட்டது.

பிறகு மெல்லும் சத்தம். ஈரமாக. அவசரமாக. பசியாக.

ஓடெல் பாத்திரத்தை நீட்டி, யாராவது நடந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். அவர் யாரைக் கேட்டாரோ, வெர்லீனின் கைகள் அதை வாங்கியிருந்தன. காலிப் பாத்திரம். சுட்டது. கிழங்கும் வெல்லப்பாகும் மணத்தது.

சொல்லிவிட வேண்டும். இப்போதே. இமானியின் கண்கள் இன்னும் காத்திருந்தன.

வெர்லீன் வாயைத் திறந்தாள்.

சீட்டி வந்தது.

மூடப் பார்த்தாள். உதடுகள் குவிந்தபடியே இருந்தன. விரலால் பிரிக்க நினைத்தாள். கைகள் பாத்திரத்தை விடவில்லை.

“அம்மா, விளையாடாதீங்க” என்றான் ட்ரென்ட்.

இமானி ஓர் அடி பின்னால் போனாள். இன்னோர் அடி.

வெர்லீனின் கால்கள் நடந்தன. பின்னால் ஒரு சீட்டி சேர்ந்துகொண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பாதை முழுக்க.

எதிரே சாப்பாட்டு அறை ஜன்னல். உள்ளே நீள மேசை. ஒன்பது வருஷத்துக்கு முன் புதைத்த அவள் அம்மா, மடியில் துணி விரித்து, கரண்டியைக் கையில் பிடித்து, தலையைச் சாய்த்து, சீட்டி எங்கே நிற்கிறது என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.